தாம்பாளத்தின் அடியில் ஒரு நங்கூரம்

காரைக்கால் பக்கம் கல்யாணமோ கருமாதியோ முடிந்து, நாலு கடை அண்டாவும் தேக்சாவும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் சமையல்காரர்கள் அடித்துக்கொள்ள மாட்டார்கள். "அருளானந்தத்தக் கூப்பிடு" என்பார்கள். அவரும் வருவார். நீட்டுகிற காப்பியைக்கூட வாங்காமல் நேரே குவியலுக்குப் போய், ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பச்சைக் கோடு ஹமீது கடை. மஞ்சள் பொட்டு முத்தையன் கடை. வெள்ளைப் பிறை பள்ளிவாசலுக்குச் சொந்தம். சிவப்பு நங்கூரம் அவருடையது. எனாமல் பெயிண்டைத் தொட்டு அவர் கையாலேயே போட்ட நங்கூரம். வாடகைப் பாத்திரக் கடை வைத்த நாளிலிருந்து அதை வேறு ஆள் கையில் கொடுத்ததில்லை.

"மூஞ்சியப் பாத்து ஏமாந்திருக்கேன். அடியப் பாத்து ஏமாந்ததே இல்ல" என்று சொல்லிக்கொள்வார். மனிதருக்கு இப்படி ஒரு பெருமை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாமும் விட்டிருப்போம். அது போயும் போயும் அவர் பெற்ற பெண்ணின் தலையில் விடிந்ததால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் பாத்திரத்தின் அடியில் இருப்பது ஒரே ஒரு செய்திதான்: இது யாருடையது. சீர்க்குடத்தில் பெண்ணின் பெயரை வெட்டாமல் எந்தத் தாயும் அனுப்ப மாட்டாள். பக்கத்து வீட்டுக்கு இரவல் போகிற குண்டானில்கூட ஒரு சொட்டு பெயிண்டாவது இருக்கும். அந்தக் குடத்தை அடித்தவன் யார், எந்தப் பட்டறை என்று நம்மில் ஒருத்தராவது கேட்டதுண்டா? கிடையாது. அருளானந்தமும் கேட்டதில்லை.

அவர் கடை அடையாளம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா ஞானப்பூவிடம் பீங்கான் தாம்பாளம் ஒரு ஜோடி இருந்தது. இரண்டும் ஒரே அச்சு. நீள்வட்டமாக, ஒரு ஆள் சோற்றைக் குவித்துத் தூக்கிப்போகிற அளவு. வெள்ளையில் நீலச் சித்திரம்: ஒரு பாலம், ஒரு மரம், மேலே இரண்டு குருவி. பின்பக்கம் நீலத்தில் ஒரு நங்கூரம். அருளானந்தத்தின் தாத்தா தோணியில் போய்வந்த ஆள். ஒரே பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி, இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தாராம். நங்கூரம் தாத்தா சொல்லிப் போட்டது, அதுதான் நம் வீட்டு அடையாளம் என்று ஞானப்பூ பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருந்தார்.

மாதா கோயில் திருவிழாவில் பாதர்மார் மேசைக்குச் சோறு போவது வருஷா வருஷம் அந்தத் தாம்பாளங்களில்தான். ஒரு வருஷம் இரண்டு போய் ஒன்றுதான் திரும்பியது. "கழுவ வந்தவ எவளோ அமுக்கிட்டா" என்று ஞானப்பூ அன்றைக்கு ஆரம்பித்தவர், கண்ணை மூடுகிறவரை நிறுத்தவில்லை. அம்மாவின் புலம்பலைத் தாலாட்டுப்போலக் கேட்டு வளர்ந்தவருக்கு, காணாமல் போன அந்தத் தாம்பாளம் ஒரு கடன்போல மனதில் கிடந்தது.

அவருடைய ஒரே பெண் ஆன்லினைக் கோவில்பத்தில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ஜெனிஷ் ஏசி மெக்கானிக். தகப்பன் இல்லாத பிள்ளை. அவன் அம்மா செல்வம்மாள் தையல் மிஷினை மிதித்தே அவனை ஆளாக்கியவர். அதிகம் பேசமாட்டார், எவரிடமும் ஒன்று கேட்கமாட்டார். வரதட்சணைப் பேச்சு வந்தபோது, "பொண்ணு வந்தா போதும்" என்று எழுந்துபோய்விட்டார். அருளானந்தத்துக்கு அந்த அம்மாள்மேல் நிஜமாகவே மதிப்பு உண்டு. உண்டு என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆன்லினுக்கு வளைகாப்பு வந்தது. கோவில்பத்து வீட்டு வாசலில் பந்தல். பாத்திரம் எல்லாம் அருளானந்தத்தின் கடையிலிருந்தே போயிருந்தது. பெண்கள் சந்தனம் பூசி வளையல் போட ஆரம்பித்த நேரம், செல்வம்மாள் உள்ளேயிருந்து ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி வளையலும் மல்லிகையும் குவிந்திருந்த அந்தத் தாம்பாளத்தின் விளிம்பில் நீலம் தெரிந்தது. வளையல்கள் குறையக் குறைய ஒரு பாலம் தெரிந்தது. ஒரு மரம். இரண்டு குருவி.

பெண்ணின் கையில் வளையல் ஏறுவதை அருளானந்தம் பார்க்கவேயில்லை. தாம்பாளம் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலியானதும் போய் எடுத்தார். கவிழ்த்தார். நீல நங்கூரம்.

"இது எங்கம்மாவோடது" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வம்மாளும் சிரித்தபடி, "வெளயாடாதீங்க சம்பந்தி" என்றார்.

"வெளயாடலைங்க. இந்தா பாருங்க நங்கூரம், எங்க வீட்டு அடையாளம். மாதா கோயில் திருவிழாவுக்குக் குடுத்தனுப்பி வராமப் போன தாம்பாளம். கழுவ வந்தவ எவளோ தூக்கிட்டுப் போயிட்டான்னு எங்கம்மா சாகுற மட்டும் பொலம்பிக்கிட்டே கெடந்தாங்க. அது இங்க எப்படிங்க வந்துச்சு?"

அந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அருளானந்தத்துக்குத் தெரியாது. செல்வம்மாளின் அம்மா மதலேன், அந்தக் காலத்தில் திருவிழாச் சமையலில் பாத்திரம் கழுவிப் பிழைத்தவர்.

செல்வம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வெகு மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு எங்கம்மாவ அத்தன பேரு நடுவுல முந்தானைய ஒதறிக் காட்டச் சொன்னது… உங்கம்மாவா?"

அருளானந்தம் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை.

"நான் சின்னப் பொண்ணு. அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ஒதறிக் காட்டுனாங்க. ரெண்டு வெத்தலதான் விழுந்துச்சு. அதுக்கப்புறம் எங்கம்மாவ எந்த அடுப்படியிலயும் சேத்துக்கல. இந்தத் தாம்பாளம் எங்கப்பா பினாங்குக்குக் கப்பல்ல போனப்ப வாங்கியாந்தது. திருவிழாவுல அப்படி ஆனதுலேருந்து அம்மா இதப் பழைய பொடவையில சுத்தி டிரங்குப்பொட்டிக்கு அடியில வச்சவங்கதான். வெளிய எடுத்தா என்னையக் கள்ளிம்பாங்கடி, எடுக்காதன்னே சொல்லிக்கிட்டிருந்து போய்ச் சேந்துட்டாங்க. இனிமே எவங்க கேக்கப் போறாங்கன்னுதான் பேரப்புள்ள வர்ற சந்தோஷத்துல இன்னைக்கு எடுத்தேன்."

அந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பான். கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இந்த மகானுபாவர் கையில் இருந்த தாம்பாளத்தை இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த நங்கூரம்?" என்று கேட்டார்.

செல்வம்மாள் அவர் கையைத் தாம்பாளத்தோடு சேர்த்து அவர் பக்கமாகவே தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க பொண்ணயும் கூட்டிக்கிட்டுப் போங்க. திரும்பக் கூட்டியார இங்கேருந்து ஆளு வராது."

வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம்தானே. தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாகக் காரில் ஏறிய ஆன்லினைப் பார்த்துத் தெருமுனையில் நின்றவர்கள் கையசைத்தார்கள். ஜெனிஷ் வாசல்வரை வந்தான். கார்க் கதவைச் சாத்தினான். மனைவியைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

தருமபுரத்தில் அப்பா வீட்டு வாசலில் கார் நின்றதும் ஆன்லின் கதவைத் திறந்தாள். இறங்கும்போது, "ஒரு தட்டுதான் பெருசாப் போச்சுல்ல உங்களுக்கு" என்றாள். அருளானந்தத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன்மேல் தப்பில்லை என்கிற முறுக்கு இன்னும் இறங்கியிருக்கவில்லை. மறுநாள் காலையில் கடையில், திரும்பி வந்த பாத்திரங்களுக்கு அழிந்த அடையாளத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தவர், அந்தத் தாம்பாளத்தையும் எடுத்துக் கவிழ்த்தார். நீல நங்கூரத்தின் மேலேயே, பிரஷ் நிறைய சிவப்புப் பெயிண்டை எடுத்துத் தன் நங்கூரத்தைத் தடிமனாகப் போட்டார். எங்கள் வீட்டுச் சாமான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்வதாக நினைப்பு.

நாட்கள் போயின. ஜெனிஷிடமிருந்து போன் வரவில்லை. ஆன்லின் போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். மணி அடித்தால் எல்லோருக்கும் முன்னால் அவள் கை போகும். கேஸ் சிலிண்டர்க்காரனாக இருக்கும், பால்காரராக இருக்கும். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனாள். வயிறு முன்னே வர, முகம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அருளானந்தத்தின் மனைவி ரீத்தா பெண்ணுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டே, கணவருக்குக் கேட்கும்படியாக, "புள்ளையப் பெத்துக் கையில குடுத்தா அப்பன் யாருன்னு அடியில கவுத்துப் பாத்துச் சொல்லுவாரு உங்கப்பா" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அருளானந்தத்துக்குப் பயம் பிடித்தது.

கோவில்பத்துக்குப் பங்குச் சாமியாரை அனுப்பிப் பார்த்தார். மாப்பிள்ளைக்குத் தானே போன் செய்து பார்த்தார். "அம்மா சரின்னாத்தான் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அப்போதுதான் ஜவஹர் அலி கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. பழைய கதவு, நிலை, பீங்கான், கடிகாரம் என்று வாங்கிப் புதுச்சேரி ஓட்டல்களுக்கு விற்கிறவர். வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி சொல்ல வந்தவர், அலமாரியில் சாய்த்து வைத்திருந்த இரண்டு தாம்பாளங்களையும் பார்த்து நின்றார். அருளானந்தம் நடந்ததை எல்லாம் கொட்டினார். அலி முழுக்கக் கேட்டார். பிறகு அவரை வண்டியில் ஏற்றித் தன் கிடங்குக்குக் கூட்டிப்போனார்.

கிடங்கில் ஒரு பெட்டியைத் திறந்து, பீங்கான் தட்டுகளைத் தரையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். நங்கூரம். ஒரு கிரீடம். மறுபடி நங்கூரம். ஒரு சிங்கம். கயிறு சுற்றிய நங்கூரம்.

"இதுவும் உங்கம்மாவோடதா அருளு? இது? இது எங்க வூட்டு உம்மா சீதனமா வந்தது. இதயும் தூக்கிட்டுப் போறியா?"

அருளானந்தம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது எவன் வூட்டு அடையாளமும் இல்லடா. இங்கிலாந்துல, விக்டோரியா ராணி காலத்துல செஞ்ச சாமான். செஞ்சவன் போட்ட முத்திர. அவன் சூளையில வெந்த ஒவ்வொண்ணுலயும் இருக்கும். கப்பல் கப்பலா வந்து எறங்கியிருக்கு."

"வித்ததுக்கப்புறம் அது அவனோடது இல்லையே. அவன் பேரு எதுக்கு?"

"கேக்குறான் பாரு கேள்வி."

"அப்ப ரெண்டும் வேற வேறதானா?"

அலி ஒரு தட்டைத் திருப்பி வைத்தார். "அது தெரியாது. பாலமும் குருவியும் நூறு பேரு போட்டிருக்கான். நங்கூரமும் பல பேரு போட்டிருக்கான். உன்னோட ஜோடியாவும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். அத வுடு. போயி அந்தம்மா கால்ல வுழு."

"வுழுறேன். அதுக்கு என்னடா? தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லுவேன். 'எங்கம்மா எடுக்கலன்னு இப்பத் தெரியுமா'ன்னு அந்தம்மா திருப்பிக் கேப்பாங்களே அலி. தெரியாதே! தெரியாம எந்த வாயால சொல்லுவேன்? பொய்யா ஒரு மன்னிப்புக் கேட்டா அவங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்ப் பாத்திரத்துக்கெல்லாம் சொந்தக்காரனைச் சொன்னவருக்கு, இப்போது ஒரு பாத்திரத்தைச் செய்தவனின் பெயர் வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் பெண்ணின் வாழ்க்கை இல்லை என்று ஆகிவிட்டது. அந்த ஆளோ செத்து மண்ணாகி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

பழைய இங்கிலீஷ் பீங்கானை அடையாளம் சொல்கிற ஆட்கள் சிலர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அலி அதில் இருந்தார். இரண்டு தாம்பாளங்களையும் படம் பிடித்து அனுப்பினார். ஞானப்பூவின் தாம்பாளத்துக்குப் பதில் சீக்கிரமே வந்தது. நங்கூரத்தின் கீழே இரண்டு எழுத்து இருக்கிறது, அது செய்த கம்பெனியின் முதலெழுத்து. அதற்கும் கீழே 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருக்கிறது. நாட்டின் பெயரை அடியில் போடும் பழக்கம் ராணியின் ஆட்சி முடியப்போகிற கடைசிப் பத்து வருஷத்தில்தான் பரவியது. ஆகவே அதற்கு முன்னால் செய்ததாக இருக்காது.

மதலேனின் தாம்பாளத்துக்கு வந்த பதில் ஒரே வரி. சிவப்புப் பெயிண்டைத் தவிர இதில் ஒன்றும் தெரியவில்லை.

அலி நிமிர்ந்து பார்த்தார். "இது யாரு பூசுனா?"

அருளானந்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தின்னர் போட்டுத் தொடச்சுப் பாரு. அடையாளம் பளபளப்புக்கு அடியில இருந்தா நிக்கும். மேல எழுதியிருந்தா உன் பெயிண்டோட சேந்து அதுவும் போயிடும். போனா போனதுதான்" என்றார் அலி.

வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்தார் அருளானந்தம். தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, தின்னரில் நனைத்து, ஓரத்திலிருந்து துடைத்தார். ஒரு துடைப்புக்கு ஒரு முறை பஞ்சைத் திருப்பிப் பார்த்தார், நீலம் ஒட்டியிருக்கிறதா என்று. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பயத்தோடு ஒரு காரியம் செய்ததில்லை. சிவப்பு கரைந்து வந்தது. நீலம் அசையவில்லை. நங்கூரம் முழுசாக வெளியே வந்தது.

ஆனால் நங்கூரம் மட்டும்தான் வந்தது. கீழே எழுத்து இல்லை; அச்சில் எழுத்து விட்டுப்போவதும் உண்டு என்று அலி சொல்லியிருந்ததால், அதை வைத்து வேறு என்று சொல்லவும் முடியாது. நாட்டின் பெயர் இல்லை. வெறும் நங்கூரம், எந்தக் கம்பெனிக்காரனும் போட்டிருக்கக்கூடிய நங்கூரம். அதைச் சுற்றி மங்கலாகக் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இனி ஒன்றுமில்லை, பெண்ணை நானே வாழாவெட்டியாக்கிவிட்டேன் என்று அருளானந்தம் மனதுக்குள் அல்ல, வாய்விட்டே சொன்னார்.

உள்ளேயிருந்து ரீத்தா கத்தினார். ஆன்லினுக்கு வலி எடுத்துவிட்டது. தாம்பாளத்தைத் துவைக்கிற கல்மேல் அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடினார்.

அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மற்றக் கட்டில்களைச் சுற்றி இரண்டு பக்கத்து ஆட்களும் நின்றார்கள். ஆன்லின் கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் ஆள். அருளானந்தம் ஜெனிஷுக்குப் போன் செய்து, "பொண்ணு பொறந்திருக்கு மாப்ள" என்றார். "அம்மாகிட்டச் சொல்லுறேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. பொழுது போனது, விடிந்தது, யாரும் வரவில்லை. ஆன்லின் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அவங்க அப்பத்தா ஜாடை" என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய துணியும் வெந்நீர்ப் பிளாஸ்க்கும் எடுக்க வீட்டுக்கு வந்தவர் கொல்லைப் பக்கம் போனார். இளவெயில் சாய்வாகத் துவைக்கிற கல்மேல் விழுந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அலியிடம் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று கையில் எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது.

நங்கூரத்துக்குப் பக்கத்தில், மயிர் போல மெல்லிய சிவப்புக் கோடுகள். கோடுகள் சேர்ந்து ஒரு சாய்சதுரம். அதன் மூலைகளில் பொடி எழுத்தும் எண்ணும். மண் ஈரமாக இருந்தபோதே அழுத்திப் பதித்த முத்திரை. மேலே பூச்சு ஓடி மூடியிருந்ததால் வெறும் கண்ணுக்குத் தெரியாமலே கிடந்திருக்கிறது. அவர் பூசிய பெயிண்ட் மேட்டிலெல்லாம் துடைபட்டுப் போய், பள்ளத்தில் மட்டும் தங்கியிருந்தது.

அலி படம் அனுப்பினார். பதில் வருகிறவரை அருளானந்தம் கிடங்கு வாசலில் உட்காரவும் எழவுமாக இருந்தார். இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுதியிருந்தார். அலி வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னார்.

"இந்தச் சாய்சதுரம், தட்டோட வடிவத்த அரசாங்கத்துல பதிவு பண்ணுனதுக்குப் போட்ட முத்திர. மூலையில இருக்குற எழுத்து வருஷத்தச் சொல்லுது. பதிவேட்டுல பாத்துட்டாங்களாம். பதிவு பண்ணுனவன் பேரு இருக்கு. மார்லி அண்ட் டாட். உன்னோடதச் செஞ்சவன் வேற ஆளு, வேற ஊரு. இந்த மாதிரி முத்திர போடுறத நிறுத்துனதுக்கு அப்புறந்தான் உன் தாம்பாளத்துல இருக்குற மாதிரி நாட்டுப் பேரு போட ஆரம்பிச்சாங்களாம்." அலி போனை இறக்கினார். "ரெண்டும் ஜோடி இல்ல அருளு. இருக்கவே முடியாதுங்குறாங்க."

ஒரே பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்த ஜோடி. அதில் ஒன்று இது அல்ல. காணாமல் போனது எங்கே போனதென்று அருளானந்தத்துக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. மதலேனின் பெட்டிக்கு மட்டும் அது போகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவரோ முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முந்தானையை உதறி நின்ற ஒரு பெண்ணும், தரையில் விழுந்த இரண்டு வெற்றிலையும் கண்ணை விட்டுப் போகவில்லை. உதறச் சொன்ன குரலும் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவரைத் தாலாட்டிய குரல்.

தாம்பாளத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோவில்பத்துக்குப் போனார். ஜெனிஷ் கதவைத் திறந்து, ஒதுங்கி வழிவிட்டான். செல்வம்மாள் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிஷின்மேல் வெள்ளைத் துணியில் தைத்த குட்டிச் சட்டை ஒன்று கிடந்தது. அதை அவர் சட்டென்று எடுத்து மடியில் மறைத்துக்கொண்டார்.

அருளானந்தம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். செய்தவன் பெயர், பதிவு, வருஷம், நாட்டின் பெயர். சொல்லி முடித்து, "இது உங்கப்பா வாங்கியாந்ததுதாங்க சம்பந்தியம்மா. உங்கம்மா ஒண்ணும் எடுக்கல. நான் பேசுனது மகா பாவம்" என்றார்.

"யாரு செஞ்சதுன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. சரி" என்றார் செல்வம்மாள். "எங்கம்மா எடுக்கலங்குறது எனக்குத் தெரிஞ்சதுதான. அத எனக்குச் சொல்ல வந்தீங்களா?"

"எல்லாருக்கும் சொல்லுறேங்க."

"அன்னைக்கு அந்த அடுப்படியில நின்னவங்க பாதிப் பேரு செத்துட்டாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்க?"

அருளானந்தம் துண்டைப் பிரித்துத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

செல்வம்மாள் தாம்பாளத்தை வாங்கினார். இந்த வீட்டு ஆட்கள் அதைக் கவிழ்த்துப் பார்த்தது அதுவரை கிடையாது. கவிழ்த்தார். "இது என்ன செவப்பு?"

"நான் பூசுன பெயிண்டுங்க. உங்க சாமான்ல என் அடையாளத்தப் போட்டேன். தொடச்சிட்டேன், பள்ளத்துல இருக்குறது மட்டும் நின்னுபோச்சு. அது இருக்கப்போயிதான் அந்த முத்திர படிக்கத் தெரிஞ்சுது." விரலால் அந்தக் கோட்டைக் காட்டினார். "ஊசியால நோண்டி எடுத்துக் குடுத்துடவாங்க?"

செல்வம்மாள் அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"வேணாம். இருக்கட்டும்" என்றார். "பாப்பா ஞானஸ்நானத்துக்கு இதுலதான் சோறு போடுவேன். பாதர் மேசைக்கு இதுதான் போவும். எங்கம்மா இத ஒரு நாளும் வெளிய வச்சு ஒரு பிடி சாப்பிட்டதில்ல. வர்றவங்க எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கவுத்துப் பாக்கட்டும். இந்தச் செவப்பு என்னான்னு கேக்கட்டும். நீங்க பக்கத்துலயே நிக்கணும். கடைசி ஆளு கைகழுவுற மட்டும் நின்னு, கேக்குற ஒவ்வொருத்தருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"நிக்கிறேங்க."

"என்னான்னு சொல்லுவீங்க? இப்பச் சொல்லுங்க, கேக்குறேன்."

அருளானந்தம் அங்கேயே சொல்லிப் பார்த்தார். "இது மதலேனம்மா தாம்பாளம். அவங்க வீட்டுக்காரரு பினாங்குலேருந்து வாங்கியாந்தது. அவங்க யாரோடதயும் எடுக்கல. எடுத்தாங்கன்னு நான் சொன்னது தப்பு."

"நீங்க மட்டுமா சொன்னீங்க?"

அவருக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்தார். ஜெனிஷைப் பார்த்தார். அவன் தலைகுனிந்து நின்றான். செல்வம்மாள் அவசரப்படுத்தவில்லை. மடியில் இருந்த குட்டிச் சட்டையை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"எங்கம்மா…" என்று அருளானந்தம் ஆரம்பித்து நிறுத்தினார். செத்துப்போன தாயை ஊர் நடுவில் நிறுத்துவது லேசான காரியமா? இன்னொரு தாயை அப்படி ஊர் நடுவில் நிறுத்தினார்களே என்பதும் நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னார். "எங்கம்மா ஞானப்பூ சொன்னதும் தப்பு. மதலேனம்மாவ முந்தானைய ஒதறச் சொன்னது எங்கம்மா. அது பெரிய தப்பு."

"அங்கயும் இதே மாதிரி சொல்லணும்."

"சொல்லுறேங்க."

செல்வம்மாள் எழுந்தார். தாம்பாளத்தை அவர் கையில் தரவில்லை, பெட்டிக்கும் கொண்டுபோகவில்லை. சமையலறை அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சாய்த்து வைத்தார். குட்டிச் சட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார்.

"ஆஸ்பத்திரியில எந்த வார்டு?" என்று கேட்டார்.